ஆயிரத்துக்கு ஒன்று
(பெங்களூரில் நடந்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் கையில் இருப்பது ஒரு ஸ்லைடு ரூல். எச்.ஏ.எல்., பி.ஈ.எல். என்று உழைத்து ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த சபை இது. இதை எப்படித் தள்ளுவது என்று நான் சொல்லவேண்டியதில்லை. 1972-இல் எச்.பி.-35 கால்குலேட்டர் வந்தபின் இதெல்லாம் பரணுக்குப் போய்விட்டது.

ஆனால் இது பீரங்கிப் படைக்காகச் செய்தது. நாம் காலேஜில் வைத்திருந்த ரூலில் சைன் அளவுகோல் 5.7 டிகிரியில் தொடங்கி 90-இல் முடியும். இதில் 102-இல் தொடங்கி 1600-இல் முடிகிறது. 30 டிகிரி இருக்கவேண்டிய இடத்தில் 533.

இந்த அலகுக்கு மில் என்று பெயர். 1000 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர் அகலம் எவ்வளவு கோணமாகத் தெரியுமோ, ஏறக்குறைய அதுவே 1 மில். சரியாகக் கணக்கிட்டால் வட்டத்துக்கு 6283 வரும். போர்முனையில் அதை யார் வகுப்பது? அதனால் நேட்டோ நாடுகள் 6400 என்று வைத்துக்கொண்டன. பாதி, பாதியில் பாதி என்று 100 வரை பின்னமே வராது. பிழை 2 சதவீதம்தான். 3000 மீட்டரில் குண்டு 20 மில் தள்ளி விழுந்தால் 60 மீட்டர் விலகல். இதற்கு ரூலே வேண்டாம், மனக்கணக்கு போதும். கோணம் பெரிதானால்தான் சைன் அளவுகோலுக்கு வேலை.

1800-இல் இதே பெங்களூரில் அடிக்கோடு அளந்த லாம்ப்டனும் ராணுவக்காரர்தான். நில அளவைக்குக் கலை, விகலை வரை வேண்டும். அவருக்கு மாதக்கணக்கில் அவகாசமும் இருந்தது. பீரங்கிக்காரருக்கு இருப்பது சில நிமிஷங்கள்.

ஆர்யபடரின் ஜ்யா அட்டவணையிலும் இந்த யோசனை இருக்கிறது. வட்டம் 21600 கலை, ஆரம் 3438 கலை. ஆரத்தையும் கலையிலேயே சொன்னதால் 225 கலை வில்லுக்கு ஜ்யாவும் 225. சிறு கோணத்தில் வில்லும் ஜ்யாவும் ஒன்றாகிவிடுகின்றன. மில் அவரிடமிருந்து போனது என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படி ஒரு ஈமெயில் அனுப்பிவிடாதீர்கள்!

ஒரு விபரீதமும் இதில் உண்டு. சோவியத் முறையில் வட்டத்துக்கு 6000. நம் ராணுவம் சோவியத்தின் 130 மி.மீ. பீரங்கியையும் வாங்கியது, 1986 ஒப்பந்தப்படி ஸ்வீடனின் போஃபர்ஸையும் வாங்கியது. 3000 என்று ஒருவர் சொன்னால் சோவியத் கணக்கில் 180 டிகிரி. 6400 கணக்கில் 168¾. முறை மாறிப்போனால் 10 கிலோமீட்டரில் குண்டு ஏறக்குறைய 2 கிலோமீட்டர் விலகும். அங்கே நம் ஜவான்களே இருக்கலாம், ஒரு கிராமம் இருக்கலாம். அடித்தபின் அலகைக் கேட்டு என்ன பயன்?

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்பாவோ மாமாவோ வைத்துப்போன ரூல் இருக்கலாம். எடுத்து சைன் அளவுகோலின் கடைசி எண்ணைப் பாருங்கள். 90 என்றால் டிகிரி. 100 என்றால் கிரேடியன். 1600 என்றால், பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.