களப்புச் சேறு காக்கும் காபன்



நம் புத்தளம் மாவட்டத்து உடப்புக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டுக்கு ஏற்ப இரண்டு பக்கத்துக் கயிறும் கரையேறும். கடைசியில் வலையின் மடி வரும். உள்ளே நெத்தலியும் சூடையும் துள்ளும். இது நாம் கடலிலிருந்து மேலே இழுப்பது. கடலுயிர்கள் இரவு பகலாகக் கீழே இறக்குகிற பாரம் ஒன்றும் உண்டு. அதன் பெயர் காபன்.

வாகனமும் ஆலையும் கக்கும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல் உள்வாங்குகிறது. நீரில் கரைந்த காபனைக் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வெயிலின் துணையோடு உணவாக்குகின்றன. பாசியை நுண்ணிய விலங்குகள் தின்னும், அவற்றைச் சிறுமீன் தின்னும், சிறுமீனைப் பாரை தின்னும். பாசி தானாக மூழ்க நாட்கணக்காகும். மீனின் எச்சமோ விரைவாக இறங்கிவிடும். மேல்நீரிலிருந்து ஆழத்துக்கு இறங்கும் காபனில் ஏறத்தாழ 16 சதவீதம் மீன்களால் இறங்குவதாக 2021இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. கற்பிட்டிக்கு வெளியே உலவும் திமிங்கிலம் ஆழ்கடலில் இறந்து மூழ்கினால், அந்தப் பேருடலின் காபனும் அடிக்குப் போகும். ஆழ்கடலில் சேர்ந்தது மறுபடி காற்றுக்கு வர நூற்றாண்டுகள் ஆகலாம்.

உடப்பில் கடலுக்கு முதுகு காட்டித் திரும்பினால் களப்பு. அங்கே காபனைச் சேர்த்துவைக்கும் வேலையைக் கண்டல் மரங்களும் கடற்புல்லும் செய்கின்றன. உதிர்ந்த இலையும் மடிந்த வேரும் காற்றுப் புகாத சேற்றில் புதைந்து, எளிதில் மக்காமல் கிடக்கின்றன. மாவட்டத்தில் இறால் பண்ணைகளுக்காகக் கண்டல்களை வெட்டிக் குளம் தோண்டியபோது மரத்தோடு இந்தப் பழைய சேமிப்பும் கலைந்தது. இறால்களுக்கு நோய் வந்து பல குளங்கள் கைவிடப்பட்டன. இன்று ஆனவிழுந்தாவையில் அப்படிப்பட்ட குளங்களில் கண்டலை மீண்டும் வளர்க்கிறார்கள். இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை 2024இல் ஐக்கிய நாடுகள் சபையும் பாராட்டி அங்கீகரித்தது.

கண்டலடியில் கால் வைத்தால் கரிய சேறு முழங்கால்வரை ஏறும். அழுகிய முட்டை வாடை அடிக்கும். முகம் சுளிக்காதீர்கள். அங்கே காற்றுப் புகவில்லை, உள்ளே புதைந்த காபன் பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அந்த வாடைதான் அடையாளம். அந்தச் சேற்றைக் கிளறாமல் விடுவோம். வெட்டிய இடத்தில் கண்டல் மீண்டும் முளைக்க வழிவிடுவோம்.