கேள்வி ஞானமும் கைப்பேசிப் பாடமும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

படிப்பைப் பற்றிப் பேச இந்த மேடையில் பலர் இருக்கிறார்கள். நான் பியானோவைப் பற்றிப் பேசப் போகிறேன். "என்னா டீச்சர், பியானோவா? அது தொரை பங்களா சாமானாச்சே!" என்று பின்வரிசையில் ஓர் அண்ணன் சிரிப்பது தெரிகிறது. அவர் சிரிப்பில் ஒரு நியாயம் உண்டு. நம் பாட்டன்மார் அந்தச் சத்தத்தைப் பங்களாவின் சன்னல் வழியாகத்தான் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு பிள்ளைகளிடம் போய்ச் சேரும்போது வேறு ஒன்றாகிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டில் ஒரு மாணவன் இருந்தான். திருவிழாவில் கேட்ட நாதஸ்வர மெட்டு ஒன்றை, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ரெக்கார்டர் குழலில் வாசித்துக் காட்டினான். "பியானோ கத்துக்கிறியாடா?" என்று கேட்டேன். "அது நமக்கு வராது டீச்சர்" என்றான். "எனக்கு வராது" என்று சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு "நமக்கு" என்ற சொல் எங்கிருந்து வந்தது? நாம்தான் கொடுத்தோம். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இன்று இங்கே நிற்கிறேன்.

அன்பிற்குரியவர்களே! காதால் கேட்டு, கையால் தேடி வாசிப்பது நமக்குப் புதிதா? நம் தோட்டத்துக் கோயில்களில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசித்த பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். பலருக்கு எழுதிய சுரம் படிக்கத் தெரியாது. பாடுகிறவர் எந்தச் சுருதியில் எடுத்தாலும் அவர்கள் விரல் அங்கே போய் நிற்கும். அதற்கு நம்மிடம் அழகான பெயர் உண்டு: கேள்வி ஞானம். திருவள்ளுவர் திருக்குறளின் 42-ஆம் அதிகாரத்தையே 'கேள்வி' என்று வைத்து, காதால் வரும் செல்வத்தைப் பத்துக் குறளில் பேசினார். அப்படி வாசித்த பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஆர்மோனியம் பெட்டிக்குள் தூங்குகிறது. அவர்கள் காதும் அதோடு போய்விட வேண்டுமா?

பியானோவை 1700-ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவர் செய்தார். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் தந்தியைத் தட்டும். முழுப் பியானோவில் 88 கட்டைகள்: வெள்ளை 52, கறுப்பு 36. பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் எண்ணிப் பாருங்கள், வெள்ளை ஏழு, கறுப்பு ஐந்து, ஆகப் பன்னிரண்டுதான். அதே பன்னிரண்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஆர்மோனியத்திலும் அதே வரிசைதான். "எத்தனை கட்டையில பாடுறீங்க?" என்று நம் பாடகர்களைக் கேட்கிறோமே, அந்தக் கட்டை இந்தக் கட்டைதான். கறுப்பு இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் கூடி நிற்கும். இரண்டு கறுப்பு நிற்கும் இடத்தில், அவற்றுக்கு இடப்பக்கம் ஒட்டியுள்ள வெள்ளைதான் ஒரு கட்டை. அங்கே ஸ வைத்து வெள்ளையிலேயே ஏறினால் சங்கராபரணம்.

இப்போது கேள்வி ஞானத்தின் முதல் பாடம். ஒரு சத்தம் கேட்டதும் "இது இன்ன கட்டை" என்று சொல்லும் ஆற்றல் மிகச் சிலருக்கே உண்டு. அது நமக்குத் தேவையில்லை. இந்தச் சத்தத்திலிருந்து அடுத்த சத்தம் மேலே போனதா, கீழே வந்ததா, அங்கேயே நின்றதா? படி ஏறியதா, தாவியதா? இவ்வளவு தெரிந்தால் போதும். இது பழக்கத்தில் வருவது. எதை வாசிக்க வேண்டுமோ அதை முதலில் வாயால் பாட வேண்டும். பாட முடிந்ததை விரல் தேடிக் கண்டுபிடித்துவிடும். பாட வராததை விரல் எங்கே போய்த் தேடும்?

ஓர் எடுத்துக்காட்டு. பிறந்தநாள் பாட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை ஒரு கட்டையிலிருந்து தொடங்கித் தேடச் சொல்லுங்கள். முதல் மூன்று வரியும் வெள்ளையிலேயே வந்துவிடும். நான்காவது வரியின் தொடக்கத்தில் வெள்ளைக் கட்டை ஒத்துவராது. பிள்ளை முகத்தைச் சுளிக்கும். "டீச்சர், இது இல்ல" என்று சொல்லும். பிறகு பக்கத்துக் கறுப்பைத் தொட்டுப் பார்த்து, "ஆங், இதுதான்!" என்று துள்ளும். அந்த "இது இல்ல" இருக்கிறதே, அதுதான் ஞானம். அதை எந்தப் புத்தகமும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. அதன் காதே சொன்னது. காரணம் பிறகு விளக்கலாம்: அந்தப் பாட்டு ஸ-வில் தொடங்குவதில்லை, கீழ்ப் ப-வில் தொடங்குகிறது. ஆகவே ஐந்து கட்டையில் தொடங்கினால் முழுப் பாட்டும் வெள்ளையிலேயே முடிந்துவிடும். எங்கே வந்து பாட்டு இளைப்பாறுகிறதோ அதுதான் அதன் வீடு, அதுதான் ஸ. எந்தப் பாட்டானாலும் முதலில் வீட்டைக் கண்டுபிடியுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் எளிய வழி உண்டு. கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடச் சொல்லுங்கள். மூன்று கறுப்பில் முதலாவது நாலரைக் கட்டை. அதை ஸ-வாக வைத்துக் கறுப்பிலேயே ஏறி இறங்கினால் மோகனம். மூன்றில் இரண்டாவதிலிருந்து தொடங்கினால் மத்தியமாவதி, மூன்றாவதிலிருந்து இந்தோளம். இரண்டு கறுப்பில் முதலாவதிலிருந்து சுத்த சாவேரி. இரண்டாவதிலிருந்து சுத்த தன்யாசி. ஐந்தே கட்டை, ஐந்து இராகம்! கமகம் கொடுத்து அசைக்கப் பியானோவுக்கு வராது, உண்மைதான். ஆனாலும் ஒரே கட்டைகள், வீடு மாறினால் பாட்டின் குணமே மாறுவதைப் பிள்ளை தன் காதாலேயே அறிந்துகொள்ளும்.

அடுத்தது இடக்கை. சினிமாப் பாட்டுகளுக்குக் கீழே கார்ட் என்ற சுரக்கூட்டு ஓடும். மூன்று போதும் தொடங்குவதற்கு: ஸ-க-ப, ம-த-ஸ, ப-நி-ரி. ஏழு சுரமும் இந்த மூன்று கூட்டுக்குள் அடங்கிவிட்டதைக் கவனித்தீர்களா? மெட்டில் நீண்டு நிற்கும் சுரம் எந்தக் கூட்டில் இருக்கிறதோ அதை வைத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் காது "சரி" என்று சொல்லும். இல்லையென்றால் அடுத்ததை வைத்துப் பாருங்கள். பிறந்தநாள் பாட்டு இந்த மூன்றிலேயே முழுவதும் நின்றுவிடும்.

சரி, இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பது யார்? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிக் கதவுகள் மூடியிருந்தபோது, உறவுக்காரர் ஒருவர் தாம் வைத்திருந்த 61 கட்டை கீபோர்டை எனக்குக் கொடுத்தார். பக்கத்தில் வாத்தியார் இல்லை. கைப்பேசியில் இலவசமாகக் கிடைத்த இணையப் பாடங்களே எனக்கு வகுப்பறை. இரவு சமையல் வேலை முடிந்து, நாள்தோறும் கால் மணி நேரம். இன்று நான் வித்துவாட்டி அல்ல. ஆனால் சபைகூடலில் பிள்ளைகள் பாடும் பாட்டுக்குப் புத்தகம் பார்க்காமல் கூடவே வாசிக்க வருகிறது. பிள்ளைகள் சுருதி தூக்கினால் நானும் தூக்கிக்கொள்கிறேன். முப்பது வயதுக்கு மேல் எனக்கு வந்தது, பத்து வயதுப் பிள்ளைக்கு வராதா?

ஆனால் இணையப் பாடங்கள் எல்லாம் ஒரே தரம் அல்ல. ஒருவகைப் பாடத்தில் வண்ண வண்ணக் கோடுகள் மேலிருந்து கட்டைமேல் விழும்; விழும் இடத்தில் விரலை வைத்தால் பாட்டு வந்துவிடும். பார்க்க ஜோராக இருக்கும். அதில் வேலை செய்வது கண். திரையை அணைத்தால் பாட்டும் அணைந்துவிடும். இன்னொரு வகையில் ஆசிரியர் இரண்டு மூன்று சுரம் வாசித்துவிட்டுச் சற்று நிறுத்துவார். நீங்கள் பாடிக் காட்ட வேண்டும், பிறகு தேட வேண்டும், அதற்குப் பிறகுதான் விடை சொல்வார். இந்த இரண்டாவது வகையைத் தேடிப் பிடியுங்கள். நல்ல வாத்தியார் விடையைத் தாமதமாகத்தான் சொல்வார். இது எங்கள் பயிற்சிக் காலத்திலும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். ஒரு பாட்டில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து மூன்று தடவை கேளுங்கள். நிறுத்திவிட்டுப் பாடுங்கள். பிறகு கட்டையில் தேடுங்கள். வேகமாகப் போனால் யூடியூபில் வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. முக்கால் வேகத்தில், அரை வேகத்தில் கேட்கலாம். சுருதி மாறாது. அந்தக் காலத்தில் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும். வரி வந்தவுடன் வேறு கட்டையில் ஸ வைத்து அதையே வாசியுங்கள். அங்கேயும் வந்துவிட்டால் அது உங்கள் சொத்து.

தாய்மார்கள் ஒன்று கேட்பீர்கள்: "ஏற்கெனவே பையன் எந்நேரமும் போனும் கையுமா இருக்கான் டீச்சர், நீங்க வேற சொல்லிக்கொடுக்கிறீங்களா?" நியாயமான கேள்வி. பாடம் நடுவீட்டில் நடக்கட்டும். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டாம். கால் மணி நேரம் முடிந்தால் கைப்பேசி அலமாரிக்குப் போகட்டும். கீபோர்டு மட்டும் இருக்கட்டும். பணம் கட்டச் சொல்லும் இடத்தில் பிள்ளை தானாக எதையும் அழுத்தக் கூடாது. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கே, அந்த வரியை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். சரியா தவறா என்று உங்கள் காதுக்கும் தெரியும். ஆயிரம் பாட்டுக் கேட்ட காது அல்லவா?

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பியானோ வாங்கக் கடன் வாங்காதீர்கள். பழைய கீபோர்டு போதும். 61 கட்டை என்றால் ஐந்து ஸ்தாயி, தாராளம். வாங்குமுன் ஒவ்வொரு கட்டையையும் அழுத்திப் பாருங்கள். மெல்லத் தொட்டால் மெல்லவும், வலுவாகத் தொட்டால் பலமாகவும் ஒலிக்கிறதா என்று பாருங்கள். காதில் மாட்டும் கருவி செருகும் துளை இருந்தால் நல்லது. லயத்து வீட்டுச் சுவருக்குக் காது உண்டு, பக்கத்து வீட்டில் விடியற்காலை வேலைக்குப் போகிறவர் தூங்க வேண்டும்.

கைப்பேசி வாத்தியாரால் முடியாதது ஒன்று உண்டு. அவருக்கு உங்கள் பிள்ளையின் கை தெரியாது. மணிக்கட்டு தொங்குகிறதா, விரல் விறைத்து நிற்கிறதா என்று அவர் பார்க்க மாட்டார். கை வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறையாவது வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம், கோயில் ஆர்மோனியக்காரரோ, தேவாலயத்தில் வாசிப்பவரோ, பள்ளி இசை ஆசிரியரோ, கையைக் காட்டி வாருங்கள்.

மாணவர்களே, "காதே போதும், எழுத்துச் சுரம் வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் எரோல் கார்னர் இசையை எழுதப் படிக்கக் கற்காமலே பெரும் பியானோக் கலைஞரானார். 1954-இல் வந்த 'மிஸ்டி' அவர் படைத்தது. நம் இளையராஜா அவர்களோ அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகச் சுற்றியவர். சென்னை வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் பயின்றார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. காது முன்னே போயிற்று, எழுத்து பின்னே வந்து சேர்ந்தது. தாய்மொழியும் அப்படித்தானே? பேசிய பிறகுதானே அ, ஆ எழுதினோம்? பட்டணத்துப் பிள்ளைகள் எழுதும் இலண்டன் அரச பள்ளிகளின் எட்டு நிலைச் செய்முறைத் தேர்விலும் காதுக்கென்று தனிச் சோதனை உண்டு. தேர்வாளர் வாசிப்பார், பிள்ளை திருப்பிப் பாட வேண்டும். அந்தச் சோதனைக்கு நம் பிள்ளைகள் கோயில் பஜனையிலேயே பாதி தயாராகிவிடுகிறார்கள்.

எல்லாரும் கலைஞராக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. "இது இல்ல, இதுதான்" என்று தன் காதை நம்பிச் சொல்லப் பழகிய பிள்ளை, கணக்கிலும் அப்படிச் சொல்லும், நாளை வேலையிலும் அப்படிச் சொல்லும். அந்த நம்பிக்கைக்கு விலை இல்லை.

ஆகவே பெற்றோர்களே, வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் கீபோர்டு பள்ளி இசையறையில் இருக்கும். கட்டணம் இல்லை. பிள்ளையை அனுப்புங்கள், பாட்டனாருக்கு ஆர்மோனியம் தெரியுமென்றால் அவரையும் கையோடு கூட்டி வாருங்கள். அவர் வாசிக்கட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். கட்டை நகராதா?

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!