சலுகையா, சொன்ன சொல்லா?



வெளிநாட்டு முதலீட்டைக் கொண்டுவருவது சலுகையா, சொன்ன சொல்லா? எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? ‘வரியைக் குறை, நிலத்தைக் கொடு, கரண்டைக் கொடு, தானா வருவான்’னு சொன்னார். வருவான் ஐயா! வந்தவன் இருப்பானா?

தாய்மார்களைக் கேட்கிறேன். ஒருத்தர் சீட்டுச் சேர்ந்தா எவர்சில்வர் குடம் தர்றார். இன்னொருத்தர் ஒண்ணும் தரமாட்டார். ஆனா சீட்டு எடுத்த அன்னைக்கே பணம் கைக்கு வந்துடும். யார்கிட்ட சேருவீங்க? (கைதட்டல்) அவ்வளவுதான் நடுவர் அவர்களே, பாதித் தீர்ப்பு வந்துவிட்டது!

1991-ஐ நினைத்துப் பாருங்கள். நம் நாட்டின் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கு மட்டுமே பற்றும் நிலைமை. ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை அடகு வைத்தது. அவமானம்னு எல்லோரும் பேசினார்கள். ஆனால் எந்த வெளிநாட்டுக் கடனுக்கும் தவணை தவறவில்லை. தங்கத்தைத்தான் அடகு வைத்தோம், நாணயத்தை வைக்கவில்லை! அதற்குப் பிறகுதானே முதலீட்டுக்காரன் துணிந்து வந்தான்?

சொல் மாறினா என்ன ஆகும்? அதுவும் இங்கேதான் நடந்தது. 2007-இல் வோடபோன் கம்பெனி, ஹட்ச் நிறுவனத்தின் தொலைபேசித் தொழிலை வாங்கியது. வியாபாரம் முடிந்தது வெளிநாட்டில். வருமான வரித்துறை வரி கேட்டது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ‘இந்த வரி செல்லாது’ன்னு தீர்ப்புச் சொன்னது. விட்டோமா? அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, 1962-லிருந்தே செல்லும்னு எழுதிவிட்டோம்!

கல்யாணம் முடிஞ்சு, பிள்ளை பிறந்து, காதுகுத்தும் ஆன பிறகு, ‘அன்னைக்குப் பேசின நகை பத்தாது, இன்னும் பத்துப் பவுன் கொண்டா’ன்னு மாமியார் கேட்டா எப்படி இருக்கும்? (சிரிப்பு)

‘வரி போட அரசுக்கு உரிமை இல்லையா?’ என்பார் எதிரணி நண்பர். உண்டு ஐயா! நாளையிலிருந்து போடுங்கள். நேற்றைக்குப் போடாதீர்கள்.

பலன்? 2020-இல் சர்வதேச நடுவர் மன்றங்களில், வோடபோன் வழக்கிலும் தோற்றோம். கெய்ர்ன் வழக்கிலும் தோற்றோம். 2021-இல் பாரிஸில் இருக்கிற நம் அரசுச் சொத்துகளை முடக்க அங்குள்ள நீதிமன்றமே உத்தரவு போட்டது. அதே ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்தப் பின்தேதி வரியைக் கைவிட்டது. வாங்கிய பணம் ஏறக்குறைய 8,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது.

பணம் திரும்பிப் போச்சு. போன ஒன்பது வருஷ நம்பிக்கையை எந்தக் கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுப்பீர்கள்?

இன்றைக்கு நாம் ஒரு சலுகை தந்தால், நாளைக்குப் பக்கத்து நாடு இரண்டு தரும். அதற்கு முடிவே இல்லை. ஆனால் தனக்கு நஷ்டம் வரும்போதும் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் அரசு என்ற பெயரை ஒரே நாளில் யாரும் வாங்கிவிட முடியாது. ஆகவே, முதலீட்டைக் கொண்டுவருவது சொன்ன சொல்லே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.