வடக்குக் கிழக்கில் உயர்கல்வி



உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும் நம் இல்லங்களில் எழும் முதல் வினா, "பிள்ளை எங்கே போகலாம்?" என்பதே. இவ்வினாவுக்கு நம் பிரதேசத்திலேயே விடையுண்டு என்னும் நிலை மிகப் பழையதன்று.

1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினர். ஆங்கிலத்தோடு தமிழும், கணிதமும், வானசாத்திரமும் அங்கு போதிக்கப்பட்டன. 1855இல் அது மூடப்பட்டது. எனினும் 1857இல் சென்னைச் சர்வகலாசாலை நடத்திய முதற் பீ. ஏ. பரீட்சையிற் சித்தியடைந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்குப் பயின்றவர்களே. பின்னர் நெடுங்காலம் பட்டம் நாடிய நம்மவர் சென்னைக்கோ கொழும்புக்கோ, 1952க்குப் பின் பேராதனைக்கோ சென்றனர். வழிச்செலவுக்கு வசதியற்றவர் வீட்டிலேயே நின்றனர். அவர்களின் பெயர்களை எந்த வரலாறும் குறிக்கவில்லை.

1974இல், திருநெல்வேலியில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரிக் கட்டடங்களிலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் உதயமாயிற்று. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பொறியியலும் விவசாயமும் இன்று கிளிநொச்சியிற் போதிக்கப்படுகின்றன. கிழக்கிலே 1981இல் வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகக் கல்லூரியாக அமைந்தது 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. திருகோணமலையில் அதற்கொரு வளாகமும் உண்டு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

கதவுகள் பலவாயினும் நம் பெற்றோரிற் பலருக்கு மருத்துவம், பொறியியல் என இரண்டே கண்ணிற் படுகின்றன. இதனால் விண்ணப்பப் பத்திரத்தை நிரப்பும்போது பெருந்தவறு நேர்கின்றது. விருப்ப வரிசையில் மேலே குறித்த கற்கைநெறிகளுள், மாணவரின் இசட் புள்ளிக்கு எது முதலிற் கிட்டுகின்றதோ அதற்கே அவர் தெரிவு செய்யப்படுகிறார். ஆகவே எட்டாததெனத் தோன்றுவதை முதலில் எழுதுவதால் நட்டம் யாதுமில்லை. கீழே இடங்களை வெறுமையாக விடுவதே நட்டம். எழுதாத கற்கைநெறிக்கு எவரும் அழைக்கப்படமாட்டார். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும் என்பதால், அயல் மாவட்டத்து உறவினரின் பிள்ளை பெற்ற புள்ளியைக் கொண்டு தம் பிள்ளையின் வாய்ப்பை அளவிடுவதும் பொருந்தாது.

பெண்பிள்ளைகள் விடயத்தில் வேறொரு தடை குறுக்கிடுகின்றது. "அவ்வளவு தூரமா?" என்று தயங்கி, கிடைத்த இடத்தையே கைவிடச் செய்யும் குடும்பங்கள் உண்டு. அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரிப் பட்டக் கல்விக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. வறிய குடும்பத்தவருக்கு மகாபொல உதவியும் உண்டு. விடுதி வசதியை முதலிலே விசாரித்தறிந்து, அதன்பின் மறுப்பதா அனுப்புவதா எனத் தீர்மானிக்கலாமே.

பல்கலைக்கழகம் கிட்டாதோருக்கு, ஆசிரியப் பணியை விரும்பின், கோப்பாய், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை ஆகிய இடங்களிலே தேசிய கல்வியியற் கல்லூரிகள் உள்ளன. யாழ்ப்பாணத்திலும் அம்பாறையிலும் உயர் தொழில்நுட்ப நிறுவனங்கள் உயர் தேசிய டிப்ளோமா வழங்குகின்றன. இவற்றுக்கு விண்ணப்பம் வேறாகக் கோரப்படும். பல்கலைக்கழக விண்ணப்பம் அனுப்பியாயிற்றென்று இருந்துவிடாமல், அவ்வறிவித்தல்களையும் தேடிப் படித்து, முடிவுத் திகதிக்கு முன் விண்ணப்பித்தல் வேண்டும்.