பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்த பிரான்ஸ்

  நான் இங்கிலாந்தில் செவிலியராக வேலை செய்கிறேன். போன செப்டம்பரில் நானும் கணவரும் காரிலேயே பிரான்ஸின் வடக்கிலிருந்து தெற்கு வரை போய்வந்தோம். பன்னிரண்டு நாள். ஈஃபிள் கோபுரம் இந்தப் பேச்சில் வராது; பாரீஸுக்குள் நாங்கள் நுழையவே இல்லை.

நான் வாசித்த பயண நூல்கள் பலவற்றில் ஒருவர் தனியே போகிறார், பார்க்கிறார், எழுதுகிறார். தம்பதியாகப் போனால் கதை வேறு. பாதி நேரம் ஊரைப் பார்க்கிறோம், மீதி நேரம் ஒருவரை ஒருவர் பார்க்கிறோம். எங்களுக்குத் திருமணமாகிப் பத்தொன்பது வருடம். எனக்கு இரவுப் பணி, அவருக்குப் பகல் வேலை. வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் வார்டில் ஷிஃப்ட் மாறும்போது சொல்லும் ஹேண்ட்ஓவர் மாதிரிதான். ‘சாம்பார் ஃபிரிட்ஜில் இருக்கு, பையனுக்கு நாளைக்குப் பல் டாக்டர்.’ அவ்வளவுதான்.

கடலுக்கடியில் ரயிலில் காரை ஏற்றினால் முப்பத்தைந்து நிமிடத்தில் கலே வந்துவிடும். அங்கிருந்து எல்லாம் மாறுகிறது. பிரான்ஸில் வலது பக்கம் ஓட்ட வேண்டும். எங்கள் வண்டியில் ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். அதனால் சுங்கச்சாவடியில் சீட்டு எடுப்பதும் காசு கட்டுவதும் இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் என் வேலை. இதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. இருவழிச் சாலையில் முன்னால் லாரி போனால் ஓட்டுபவருக்கு எதிரே வருவது தெரியாது. எனக்குத்தான் தெரியும். ‘இப்ப வேண்டாம்… ஒரு டிராக்டர் வருது… இருங்க… ம், போங்க.’ நான் ‘போங்க’ என்றால் அவர் கேள்வி கேட்காமல் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். இவ்வளவு நம்பிக்கை எங்களுக்குள் இருக்கிறதென்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் இருவரும் தொடவில்லை. என் மாமியார் நாகர்கோவில் பக்கம் தனியாக இருக்கிறார். அந்த வருடத் தொடக்கத்தில் குளியலறையில் விழுந்து இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. சம்பளத்துக்கு ஒரு அக்கா பார்த்துக்கொள்கிறார். கணவர் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பில் போக நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். வீட்டுக் கடன் என் மனதில் ஓடுகிறது என்று அவருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. த்ருவா தாண்டி நெடுஞ்சாலையில் டயர் கிழிந்தது. அங்கே ஒரு விதி: நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் நாம் விரும்பிய மெக்கானிக்கைக் கூப்பிட முடியாது. மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, ஆரஞ்சு நிற அவசரத் தொலைபேசியில் சொல்லலாம். இழுவை வண்டி வந்தது. ஞாயிறு கடையில்லை, திங்கள்தான் டயர் என்றார்கள். ஒரு சிற்றூரில் இறக்கிவிட்டார்கள். மதியம் இரண்டரை மணி. சமையலறை மூடிவிட்டது, இனி ஏழு மணிக்குத்தான் சாப்பாடு என்றார் உணவகக்காரர். வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்குதான் அன்று காப்பாற்றியது. பசி, வெயில், நூற்றுக்கணக்கில் செலவு. ‘இந்தப் பணத்துக்கு ஊருக்கே போயிருக்கலாம்’ என்றார் அவர். நான் பதில் சொல்லவில்லை. இரவு வரை இருவரும் பேசவில்லை.

மறுநாள் புதிய டயரோடு போன் என்ற ஊருக்குப் போனோம். பர்கண்டி ஒயினுக்குப் பேர்போன ஊர். நான் போக ஆசைப்பட்டது அங்குள்ள பழைய மருத்துவமனைக்கு. பர்கண்டி கோமகனின் தலைமை அமைச்சர் நிக்கோலா ரோலினும் அவர் மனைவி கிகோன் த சாலனும் 1443-இல் ஏழைகளுக்காக நிறுவியது. போரும் பஞ்சமும் ஊரை வறுமையில் தள்ளியிருந்த காலம். 1452 ஜனவரி 1 அன்று முதல் நோயாளி சேர்க்கப்பட்டார். அங்கே 1971 வரை நோயாளிகள் இருந்திருக்கிறார்கள்! மருத்துவமனைக்குத் தானமாக வந்த திராட்சைத் தோட்டங்களின் ஒயினை 1859 முதல் நவம்பரில் ஏலம் விட்டு, அந்தப் பணத்தை மருத்துவத்துக்குச் செலவிடுகிறார்கள்.

ஏழைகள் கூடம் ஏறக்குறைய ஐம்பது மீட்டர் நீளம். இரு சுவரோரமும் சிவப்புத் திரைச்சீலை போட்ட கட்டில்கள். ஒரு கட்டிலில் இரண்டு நோயாளிகள் படுத்திருக்கிறார்கள். எங்கள் தொற்றுத் தடுப்பு சிஸ்டர் கேட்டால் மயங்கி விழுவார். கூடத்தின் கோடியில் சிற்றாலயம். எழுந்து நடக்க முடியாதவர்கள் படுத்தபடியே பூசை காணலாம். தரை ஓடுகளில் கணவன் மனைவி இருவரின் முதலெழுத்துகளும் பின்னிக் கிடக்கின்றன. கூடவே ‘ஒரே’ என்ற சொல்லும் ஒரு நட்சத்திரமும். மனைவிதான் தன் ஒரே நட்சத்திரம் என்று ரோலின் சொல்லிக்கொண்டதாம். அவர் 1462-இல் இறந்த பிறகு நோயாளிகளைக் கவனித்தவர் கிகோன். அவர் அடக்கம் செய்யப்பட்டதும் அந்த ஆலயத்திலேதான்.

என் கணவர் ஒரு கட்டிலின் அருகே வெகுநேரம் நின்றார். பிறகு சொன்னார்: ‘நீ யார் யாரோட அம்மாவையெல்லாமோ குளிப்பாட்டி விடுற. எங்கம்மாவை வேற யாரோ குளிப்பாட்டுறாங்க. நான் எங்கயுமே இல்ல.’

குறையாக அவர் அதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. எத்தனை முதியவர்களின் பிள்ளைகள் தொலைபேசியில் என்னிடம் ‘அம்மா சாப்பிட்டாங்களா?’ என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் குரல் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

அன்று மாலை உணவகம் திறக்கும்வரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நான் சேர்த்து வைத்திருந்த சுங்க ரசீதுகளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். வீட்டுக் கடன் இவ்வளவு, என் கூடுதல் ஷிஃப்ட் இவ்வளவு. ஆறு மாதம் முடியாது. மூன்று மாதம் முடியும். ‘மூணு மாசம் போதுமாங்க?’ என்றேன். ‘போதாது. ஆனா போறேன்’ என்றார்.

அதற்குப் பிறகு பிரான்ஸ் கொஞ்சம் அழகாகிவிட்டது. 2004-இல் திறந்த மியோ பாலத்தைக் கடந்தோம். அதன் உச்சி 343 மீட்டர், ஈஃபிள் கோபுரத்தைவிட உயரம். எனக்கு அவர் பாட்டுப் போட்டதுதான் நினைவிருக்கிறது.

இப்போது அவர் ஊரில் இருக்கிறார். அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் கேட் வரை நடக்கிறாராம். மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. உங்களில் பலரிடமும் இருக்காது என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும் சொல்வேன்: எதிரே வருவது இருவரில் ஒருவருக்குத்தான் தெரிகிறதென்றால், தெரிந்தவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.