பாவம் வேறு, குற்றம் வேறு
(கண்டி மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தம் பாலினத்தாரையே விரும்புவோரைப் பற்றியும் திருநங்கையரைப் பற்றியும் மாணவரிடையே பேச்செழுந்தால், இரண்டு விடைகள் முந்திக்கொண்டு வருகின்றன. “இது தமிழ்ப் பண்பாடன்று” என்பது ஒன்று. “இது வேதத்துக்கு விரோதம்” என்பது மற்றொன்று. இரண்டையும் நிறுத்துப் பார்ப்போம்.

பண்பாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆண்மை திரிந்தோரைத் தொல்காப்பியர் எத்திணையில் வைத்தார்? உயர்திணையில் வைத்தார்! மாதவி ஆடிய பதினோராடல்களுள் பேடாடலும் ஒன்று. பின்னாளில் ‘பேடி’ என்பதை வசைச்சொல்லாக்கியவர்களும் நாமே, மறுக்கவில்லை. ஆனால், இவர்களைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் எவருடையது? வெள்ளையராட்சி 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் அவை. முதற்பிரிவுக்குப் பத்தாண்டு வரை சிறை. சுதந்திர இலங்கையின் பாராளுமன்றமோ 1995இல், ஆண்களை மட்டும் குறித்த 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது! அந்நியன் விட்டுச்சென்ற விலங்கையா பண்பாடு என்று போற்றுவது?

இனி, வேதம். அம்பிட்டியிலே கத்தோலிக்கரின் தேசிய குருமடம் இருக்கிறது. பிலிமத்தலாவையிலே, திருச்சபைகள் ஒன்றுகூடி 1963இல் நிறுவிய இறையியற் கல்லூரி இருக்கிறது. அங்கே தமிழரும் சிங்களவரும் ஒருங்கே பயில்கின்றனர். நாளை தோட்டத்துச் சிற்றாலயத்திலும் நகரத்துப் பேராலயத்திலும் ஒலிக்கப்போவது இம்மாணவர் குரலே. ஆதலால் இவர்கள் உள்ளத்தில் விளைவது ஊரெங்கும் விதையாகும்.

லேவியராகமத்தில் தடை உண்டு என்பர். உண்டு. அதே லேவியராகமம், வறியவனிடம் வட்டி வாங்குவதையும் தடுக்கிறது. வட்டிக்காரனைச் சிறையிலிடு என்று கேட்ட மாணவர் எவரேனும் உண்டா? இல்லை. ஏன்? வட்டிக்காரனால் வீட்டுக்கு ‘மானக்கேடு’ இல்லை! ஊர்வாய்க்கு அஞ்சும் நெஞ்சம் தன் அச்சத்துக்கு வேதத்தின் குரலை இரவல் வாங்குகிறது. இதுதான் உண்மை.

இச்செயலைப் பாவமென்றே போதிக்கும் கத்தோலிக்க மறைக்கல்வி நூல்கூட, இம்மக்களை மதிப்போடு ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கலாகாது என்கிறது. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2023 ஜனவரியில், இது குற்றமன்று என்றும், பாவத்தையும் குற்றத்தையும் பிரித்தறிய வேண்டும் என்றும் தெளிவாகக் கூறினார்.

அப்பிரிவுகளைத் திருத்தும் தனி உறுப்பினர் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அம்மசோதா நிறைவேறுமுன் 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

மலையகத் தமிழ் மாணவர்களே! 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், உழைத்த நம் பாட்டன் பாட்டியரை ஒரே நாளில் நாடற்றோராக்கியது. பிறந்த பிறப்பையே பிழையாக்கும் சட்டத்தின் சூட்டை நம்மைவிட அறிந்தவர் யார்? அச்சூட்டை இன்னொருவர்மேல் வைக்க நாம் துணைபோகலாமா?

பாவமென்று நம்புவோர் நம்பட்டும். அது அவர்தம் மனச்சாட்சி. ஆனால், பக்கத்து இருக்கையில் பயிலும் மாணவனைச் சிறைக்குரியவன் என்று சொல்ல, தமிழும் இடந்தரவில்லை. தச்சன் மகன் போதித்த அன்பும் இடந்தரவில்லை. இதனை உங்கள் விடுதிகளிலும் இல்லங்களிலும் அஞ்சாது எடுத்துரையுங்கள்!