கைத்தொலைபேசி பார்க்கும் நாடி

ஒல்லாந்து தேசத்தின் லெய்டன் நகரில், 1905ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. வைத்தியசாலையிலே ஒருவர் தம் கைகளை உப்புநீர்ப் பாத்திரங்களில் அமிழ்த்தியபடி அமர்ந்திருந்தார். அவருடைய இருதயத்தில் எழுந்த நுண்ணிய மின்னோட்டம், கம்பி வழியே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் ஓடி, பேராசிரியர் வில்லெம் ஐன்தோவனுடைய ஆய்வுகூடத்தை அடைந்து, அங்கே ஒளிப்படத் தகட்டிலே கோடாகப் பதிந்தது. அந்தக் கம்பி வேறொன்றுமன்று, தொலைபேசிக் கம்பியே. யாவாத் தீவின் செமாராங் பட்டினத்தில் 1860இல் பிறந்தவர் ஐன்தோவன். அவர் அமைத்த இழைக் கல்வனோமானி ஏறக்குறைய 270 கிலோகிராம் நிறையுடையது. அதனை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. அத்தகைய கருவியை நோயாளியிடம் கொண்டுசெல்ல இயலாமையால், நோயாளியின் இருதயத் துடிப்பைக் கருவியிடம் வரவழைத்தார் அப்பேரறிஞர். 1924இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஆகவே, நேயர்களே, தொலைபேசிக்கும் இருதயத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. அன்று ஒரு கூடத்தை அடைத்து நின்ற கருவியின் வேலையில் ஒரு பங்கை இன்று சட்டைப்பைக்குள் அடங்கும் கைத்தொலைபேசி செய்கின்றது என்பதே புதுமை. ஒரு பங்கு என்பதை மறந்துவிடலாகாது. கைத்தொலைபேசி இருதய நோயைக் கண்டுபிடிக்கும் என்று விளம்பரங்கள் முழங்கும்போது, எந்த இருதய நோயை என்று திருப்பிக் கேட்பார் மிகச் சிலரே. இருதய நோய் என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்கு இட்ட பொதுப்பெயர். அவற்றுள் கைத்தொலைபேசி நன்கு பிடிக்கக் கற்றிருப்பது பெரும்பாலும் ஒன்றையே. ஏற்றியல் பிப்ரிலேசன் என்று வைத்தியர் அதனைக் கூறுவர். சோணை நடுக்கம் என்றால் பொருள் விளங்கும்.

இருதயத்தின் மேற்பாகத்திலுள்ள இரண்டு சோணையறைகளும் ஒழுங்காகச் சுருங்கிக் குருதியைக் கீழே தள்ளவேண்டியவை. சோணை நடுக்கம் கண்டவர்க்கு அவ்வறைகள் சுருங்குவதை விட்டு வெறுமனே நடுங்குகின்றன. அதனால் நாடி தாளம் தப்பிய மத்தளம் போல, அடுத்த அடி எப்போது விழும் என்று சொல்லமுடியாதபடி துடிக்கின்றது. துடிப்பின் குழப்பத்தைவிடப் பெரிய அபாயம் வேறொன்று உண்டு. நடுங்கும் அறையிலே குருதி தேங்குகின்றது. தேங்கிய குருதி உறைகின்றது. உறைந்த கட்டி ஒருநாள் புறப்பட்டு மூளைக்குச் செல்லும் நாடியை அடைத்துவிடுகின்றது. அதுவே பாரிசவாதம். இந்நோயுடையவர்க்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏனையோரைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்காகும். குருதி உறைவதைத் தடுக்கும் மருந்தை உரியவாறு உட்கொண்டால், அவ்வாபத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விலகும். ஆனால் நோயுடையவர் பலருக்குத் தமக்கு நோய் உண்டென்பதே தெரியாது. நோவில்லை, காய்ச்சலில்லை, நடுக்கமோ சிலருக்கு வந்து வந்து போகும். கை கால் விழுந்து வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட பின்னரே முதன்முறையாக அறிய வருவோர் உளர். முன்கூட்டித் தேடவேண்டும் என்ற எண்ணம் பிறந்தது இதனாலேதான்.

பின்லாந்து நாட்டின் துர்க்கு நகரத்து ஆராய்ச்சியாளர் கண்ட வழி மிக எளியது. கைத்தொலைபேசியைச் சாய்த்தால் அதன் திரையிலுள்ள படமும் திரும்புவதை யாவரும் கண்டிருப்பர். அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஆர்முடுகல்மானி என்னும் சிறு உறுப்பு. மல்லாந்து படுத்தவரின் மார்பின்மேல் தொலைபேசியை வைத்தால், ஒவ்வொரு துடிப்பிலும் மார்பு அசையும் அந்த மெல்லசைவையும் அவ்வுறுப்பு உணர்கின்றது. கம்பி வேண்டா, உப்புநீரும் வேண்டா. மூன்று நிமிடம் அசையாது கிடந்தாற் போதும். 300 நோயாளரிடம் இம்முறையைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டனர். சோணை நடுக்கமுடைய 150 பேரில் 143 பேரைத் தொலைபேசி சரியாகச் சுட்டியது; 7 பேரைத் தவறவிட்டது. அந்நோயில்லாத 150 பேரில் 144 பேரைச் சரியாக விலக்கியது. 6 பேரை வீணே நோயாளி என்றது.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் என்றால் எந்தப் பரீட்சையிலும் அது விசேட சித்தியன்றோ? எனினும் இங்கே சற்று நிதானித்து ஒரு கணக்குச் செய்து பார்ப்பது நன்று. விளம்பரக்காரர் செய்யாது விடுவது இந்தக் கணக்கையே. அந்தச் சோதனையில் பாதிப்பேர் நோயுடையவர்கள். ஊரிலே அப்படியிராது. 10,000 பேர் வாழும் ஓர் ஊரில், கணக்குக்காக, நூற்றுக்கு ஒருவர் சோணை நடுக்கமுடையவர் என்று கொள்வோமாயின் நோயாளர் 100 பேர். அவர்களுள் 95 பேரைத் தொலைபேசி பிடித்துவிடும், மிக நன்று. எஞ்சிய 9,900 பேரோ அந்நோயில்லாதவர்கள். அவர்களில் நூற்றுக்கு நால்வரைத் தொலைபேசி தவறாகச் சுட்டினால், அத்தொகை 396. ஆகவே ஊரிலே அபாய அறிவிப்புப் பெற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடிவருவோர் 491 பேர். அவர்களுள் மெய்யாக நோயுடையவர் 95 பேர், அதாவது ஐவரில் ஒருவரே. கருவி கெட்டுப்போகவில்லை, அதே கருவிதான். தேடப்படும் கூட்டமே மாறிவிட்டது. முதியோரிடம் மட்டும் தேடினால் நோயுடையோர் விகிதம் உயர்ந்து வீண் அறிவிப்புக் குறையும். இளைஞர் எல்லாரும் தேடப் புகுந்தால் வீண் கலக்கமே மிகும்.

வேறொரு முறையும் வழக்கிலுண்டு. தொலைபேசியின் ஒளிப்படக் கண்ணின்மேல் விரல் நுனியை வைத்து, விளக்கை ஏற்றினால், துடிப்புக்குத் துடிப்பு விரலிலே குருதி கூடிக் குறைவதைத் திரும்பிவரும் ஒளியின் ஏற்றத்தாழ்விலிருந்து அது அறிகின்றது. ஜேர்மனியில் 5,551 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2022இல் வெளிவந்தது. விரல் வைத்துப் பார்த்தவர்களில் நாடி பிறழ்ந்தோர்க்கு 14 நாள் மார்பில் ஒட்டும் மின்வரைபுக் கருவி கொடுத்து உறுதிசெய்தனர். வழக்கமான முறையைவிட இருமடங்குக்கு மேலானோர் இவ்வாறு கண்டறியப்பட்டு மருந்து பெற்றனர். ஒட்டும் கருவி கொடுத்து உறுதிசெய்தனர் என்பதே அங்கு கவனிக்கத்தக்கது. தொலைபேசி சொன்ன மாத்திரத்திலே எவர்க்கும் மருந்து கொடுக்கவில்லை. குருதி உறையாமைக்கு உண்ணும் மருந்து, தேவையில்லாதவர் உண்டால் குருதிப் பெருக்குக்கு வழிவகுக்கும்.

வேல்ஸ் நாட்டிலே 65 வயதுக்கு மேற்பட்ட 1,001 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினர்க்குத் தொலைபேசியின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க ஐபொட் கருவியுடன் சிறு மின்வாய்த் தகடும் கொடுத்தனர். கிழமைக்கு இருமுறை விரல்களை வைத்து மின்வரைபு அனுப்பவேண்டும். ஓராண்டில் அவர்களில் 19 பேரும், மற்றக் கூறில் 5 பேரும் நோயுடையவராகக் காணப்பட்டனர். இது 2017இல் வெளிவந்த முடிவு. ஆனால் பாரிசவாதமும் அதனையொத்த அடைப்புகளும் முறையே 6, 10. அவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளரே ஒப்புக்கொண்டனர். டென்மார்க்கில் 6,004 முதியோரிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஆராய்ச்சியில், தோலின் கீழ்ப் பதித்த கருவி ஓயாது காவலிருந்து மிகப் பலரிடம் சோணை நடுக்கத்தைக் கண்டுபிடித்தும், பாரிசவாதம் ஐயத்துக்கிடமின்றிக் குறைந்ததென்று நாட்ட முடியவில்லை. சிறிது நேரமே வந்துபோகும் நடுக்கங்கள் அத்தனை கொடியவை அல்லவோ என்ற வினா இதனால் எழுந்துள்ளது. கண்டுபிடித்தல் வேறு, காப்பாற்றுதல் வேறு.

இனி, தொலைபேசியின் மௌனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீண் அறிவிப்பினால் வருவது கலக்கம். மௌனத்தை நம்பினால் வருவது மரணமாகவும் இருக்கலாம். மாரடைப்பு என்பது தாளக் கோளாறன்று. இருதயத் தசைக்கு உணவூட்டும் முடியுருநாடியில் உண்டாகும் அடைப்பு. அடைப்பு நேர்ந்த வேளையிலும் நாடி ஒழுங்காகவே துடிக்கக்கூடும். அப்போது மார்பில் வைத்தாலும், விரலை வைத்தாலும், தாளம் சரி என்றே தொலைபேசி சொல்லும். அது சொல்வது பொய்யுமன்று. அப்பிள் நிறுவனம் தன் கைக்கடிகாரம் மாரடைப்பை அறியமாட்டாது என்று தானே அறிவித்திருக்கின்றது. நெஞ்சிலே பாரம், இடது கையிலும் தாடையிலும் பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை என்பன கண்டபோது, தொலைபேசியை மார்பின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று நிமிடமும் இருதயத் தசை செத்துக்கொண்டிருக்கும் நிமிடங்களே. அவ்வேளையில் அக்கருவியாற் செய்யத்தக்க காரியம் ஒன்றே: இலங்கையில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தல். நோயாளர் காவு வண்டிக்குப் பணம் கொடுக்கவேண்டியதில்லை.

கைத்தொலைபேசி வைத்திராத முதியோர் இதனாற் கவலையுறவேண்டா. 65 வயது கடந்தவர்களின் நாடியை வைத்தியர் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று ஐரோப்பிய இருதய வைத்தியர் சங்கம் 2020இல் பரிந்துரைத்தது. வீட்டிலேயும் அதனைச் செய்யலாம். சற்று ஓய்ந்திருந்தபின், பெருவிரலின் அடிப்பக்கமாக மணிக்கட்டிலே இரண்டு மூன்று விரல்களை மெல்ல அழுத்தினால் நாடி தட்டுப்படும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் கவனிக்கவேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழி இங்கே உதவாது. ஏனெனில் தேடுவது எண்ணிக்கையை அன்று, அடிக்கும் அடிக்கும் இடையிலுள்ள ஒழுங்கை.